அந்த ஒரு வரி மட்டும்

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோவிலில் திருவிழாக் கொடியேற்றம். அம்மாவோடு அல்சூரிலிருந்து பஸ்ஸில் போனேன். பெண்களுக்கான சக்தி திட்டத்தில் அம்மாவுக்கு பஸ் இலவசம்; வேலை போனவன்தான் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறான். 23 நாள் ஆகிறது. பத்து நிமிட வீடியோ அழைப்பில் பதினோரு வருடத்தை முடித்துவிட்டார் மேனேஜர். மாடி வீட்டுக்காரர் கேட்டால் "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1898இல் ஊரில் பிளேக் பரவியபோது இந்த மாதாவிடம்தான் வேண்டினார்கள் என்று அம்மா வழக்கம்போல ஆரம்பித்தார். வேண்டிய எல்லோருமா பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பிளேக்குக்குப் பிறகுதான் பசவனகுடி, மல்லேஸ்வரம் எல்லாம் அகலத் தெருக்களோடு வளர்ந்தன. ஜெபம் செய்த ஊர்தான் சாக்கடையையும் சரிசெய்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூசை முடிந்ததும் எங்கள் பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். "சும்மாதானே இருக்கீங்க, ஒரு மூட்டை தூக்கணும்." யார் சொன்னார்களோ! இரண்டு வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோனோம். ஒரு வீட்டு அம்மா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. அவர் கஷ்டத்தைப் பார்த்து என் கஷ்டம் ஒன்றும் சின்னதாகிவிடவில்லை. ஆனால் மதியம் வரை என்னைப் பற்றியே யோசிக்கவில்லை. அது நிஜம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இரவு மறுபடி அந்த எக்செல் ஷீட். சேமிப்பு மார்ச் வரை வரும், ஸ்கூல் ஃபீஸ் கட்டினால் ஜனவரி. "ராத்திரியில அதைத் திறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் மனைவி. இன்று பிரசங்கத்தில் ஃபாதர் மன்னாவை, பைபிளில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தந்த உணவைப் பற்றிப் பேசியது நினைவுக்கு வந்தது. பாலைவனத்தில் அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கு எடுத்து வைத்தால் புழு வைத்துவிடும். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. சேமிக்காதே என்றா சொல்கிறது? இஎம்ஐ கட்டுபவனிடம்? ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் இரண்டு மடங்கு பொறுக்கலாம், அது கெடாது என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, சேமிப்பைக் குறைசொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு மார்ச் மாதத்தை வாழ முயல்வதைத்தான் புழு என்கிறது போல. லேப்டாப்பை மூடினேன். தூக்கம் என்னவோ நாலு மணிக்குத்தான் வந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

ஜெபமாலையில் அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "பரலோக மந்திரத்துல ஒரு இடத்துல உன் சத்தமே வரலையே?"

இயேசு கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடம். ஒரு மாதமாக அதை விழுங்கிவிடுகிறேன். அனுதின உணவை இன்று தாரும் என்பது வரை நன்றாகவே வரும். அடுத்து அந்த மேனேஜரின் முகம் வந்துவிடும்.

"மனசுல இல்லாததைச் சொன்னா பொய்தானேம்மா."

"உன் மனசுல இல்லைன்னு ஆண்டவருக்குத் தெரியாதாடா? அதுக்காகத்தான் தினமும் சொல்லச் சொல்றார்."

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். காலையில் ஒரு இன்டர்வியூ, "சொல்லி அனுப்புகிறோம்" வகை. மாலையில் தேர். தெரு முழுக்கக் காவிச் சேலைகள், மெழுகுவர்த்திப் புகை, ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நகர இடமில்லை. தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறி ஜெபம். அந்த வரி வந்தபோது கன்னடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அம்மா என் முழங்கையை இடித்தார். தமிழில் முணுமுணுத்தேன், "பொறுப்பது போல" வரைக்கும்.

திரும்பும் பஸ்ஸில் மாடி வீட்டுக்காரரைப் பார்த்தேன். வேலை போய்விட்டது என்று அவராகக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.