மூன்று சுற்று

நவம்பர் 3, 2025, திங்கள். சிங்கப்பூர்

இன்று சிமுலேட்டரில் மானம் போனது. ஏ320 விமானம் தரையை விட்டு 200 அடிகூட எழும்பியிருக்காது, வலது எஞ்சின் போய்விட்டது. எச்சரிக்கை விளக்கு, மணி. என்ன பழுது, என்ன செய்யணும் என்று காட்டும் ஈகேம் திரையில் வரிகள் வந்து விழ விழ, என் கை தானாக எஞ்சினை அணைக்கும் மாஸ்டர் சுவிட்ச் பக்கம் போனது. பயிற்றுநர் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தினார்.

"தம்பி, 400 அடிக்கு முன்னாடி என்ன அவசரம்?"

பதில் இல்லை. சக்கரத்தை மேலே எடுக்கணும், எச்சரிக்கையை அணைக்கணும், மற்றபடி விமானம் ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்க்கணும். அந்த உயரத்தில் வேலை அவ்வளவுதான். 2015 பிப்ரவரியில் தைப்பேயில் ஒரு ஏடிஆர் விமானத்தில் பழுதானது இரண்டாவது எஞ்சின், அணைக்கப்பட்டது முதலாவது. 43 பேர் போய்விட்டார்கள். அந்த சுவிட்சைத் தொடும் முன் இரண்டு பேரும் வாய்விட்டு உறுதி சொல்வது சடங்கு இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

ஓய்வு நாள். ஆஸ்திரேலிய விமானம் குவாண்டாஸ் 32-இன் விபத்து விசாரணை அறிக்கையை மறுபடி எடுத்தேன். 15 வருடத்துக்கு முன் இதே தேதியில், இதே ஊர் சாங்கி விமான நிலையத்திலிருந்து 469 பேரோடு கிளம்பிய ஏ380. சில நிமிடத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே இரண்டாவது எஞ்சினின் டர்பைன் வட்டு வெடித்து இறக்கையைத் துளைத்தது. காரணம் ஒரு சின்ன எண்ணெய்க் குழாய். உள்ளே குடையும்போது மையம் விலகியதால் ஒரு பக்கம் சுவர் மெலிந்து, விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து தீ.

காக்பிட்டில் ஐந்து விமானிகள். ஈகேம் செய்திகளைப் படித்து முடிக்கவே 50 நிமிடம் போல ஆனது. கேப்டன் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் போனதை எண்ணுவதை விட்டுவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது தரையிறங்கிய பிறகு நடந்தது. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுகிறது, பிரேக் 900 டிகிரி, ஒயர்கள் அறுந்ததால் பக்கத்து எஞ்சின் அணையவே மாட்டேன் என்கிறது. அப்போதும் சறுக்குப் பாதையைத் திறக்காமல், தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து நிற்க, எல்லோரையும் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. அந்த எஞ்சின் அணைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

நவம்பர் 6, வியாழன்

விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்பு; சக்கரத்தை இறக்குவது பச்சை. இன்று சிமுலேட்டரில் அது காலி. இந்த முறை இரண்டு கையும் மடியில். கேப்டன் கேட்டார்: "சரி, நம்மகிட்ட என்ன இருக்கு?"

"நீலம் இருக்கு, மஞ்சள் இருக்கு சார். மாற்று பிரேக் இருக்கு. சக்கரத்தைக் கையாலதான் இறக்கணும்."

கைப்பிடி இரண்டு இருக்கைக்கும் நடுவில் உள்ள மேடைக்குப் பின்னால், தரையோடு ஒட்டி. உடம்பைத் திருகி எட்டி, மூன்று சுற்று. மூன்றாவதில் முழங்கை இருக்கையில் உரசித் தோல் வழண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று பச்சை முக்கோணம்: சக்கரம் எல்லாம் இறங்கிப் பூட்டிக்கொண்டன.

ஹோட்டலில் பிளாஸ்டர் கேட்டேன். என்ன ஆச்சு என்றாள் வரவேற்பில் இருந்த பெண். சக்கரம் இறக்கினேன் என்றா சொல்ல முடியும்?