எங்கே தேடலாம்? மட்டக்களப்பில் ஒரு டிடெக்டரோடு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

சித்தப்பா கனடாவில் இருந்து கொண்டுவந்த மெட்டல் டிடெக்டர் ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. அதற்கான கடிதங்களை முடிக்கவே இரண்டு மாதம் போனது. முதலில் எங்கே கொண்டுபோவது என்று யோசித்தபோது மனம் நேரே புளியந்தீவுக் கோட்டைக்குத்தான் ஓடியது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. அதைச் சுற்றி என்னென்ன விழுந்து கிடக்கும்!

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடம் இருந்தவர். "அந்தப் பக்கம் இதத் தூக்கிட்டுப் போகாத தம்பி" என்றார் உடனே. தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. சொந்த வளவு என்றாலும் அதே விதிதான். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் என்றால் அது தொல்பொருள். ஆகவே கோட்டை, பழைய கோயில், இடிபாடு, கல்வெட்டுக் கிடக்கும் இடம் எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டேன். மிஞ்சியவை, நம் காலத்து ஆட்கள் கூடியிருந்து எழும்பிப் போன இடங்கள். கொஞ்ச நேரம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

2025 பெப்ரவரி 12, புதன்

போயா விடுமுறை. பொலிசில் சொல்லிவிட்டு, விடியற்காலையில் அண்ணனோடு கல்லடிக் கடற்கரைக்குப் போனேன்.

நான் நேரே அலை நனைக்கும் ஈர மணலுக்குப் போய்விட்டேன். கருவி ஓயாமல் கத்தியது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். என்னுடையதைப் போன்ற சாதாரணக் கருவிக்கு ஈர உப்பு மணலே உலோகம் மாதிரித் தெரியும். கறுப்பு மணல் வரி ஓடும் இடத்திலும் இதே தொல்லை. உணர்திறனைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். தொடங்குகிறவர்கள் காய்ந்த மணலிலேயே நிற்பது நல்லது.

அண்ணன் இடம் பார்த்த விதம் வேறு. கருவியைத் தொடாமல் கால் மணி நேரம் சும்மா நின்றார். "ஆக்கள் எங்க குந்துவாங்க? எங்க நிழல் விழும்? கச்சான் விக்கிறவன் எங்க நிப்பான்?" பையில் கைவிட்டுக் காசு எடுக்கும் இடத்தில்தான் காசு விழும். உடுப்பு மாற்றும் இடத்தில் மோதிரம் கழலும். இவ்வளவு எளிய விசயம் எனக்குத் தோன்றவே இல்லை.

வீசுவதையும் அவர்தான் திருத்தினார். கருவியின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டை, அதாவது காயிலை, தரைக்கு மட்டமாக, மெதுவாக, போன வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடுகிற மாதிரி நகர்த்த வேண்டும். வேலையில் பழகிய கை. ஒரு சாண் இடமும் தப்பவில்லை.

கிடைத்தவை: சோடா மூடி பத்தொன்பது, டின் வளையங்கள், ஐந்து ரூபாய் நாணயம் இரண்டு, ஒரு சாவி. தோண்டிய குழி ஒவ்வொன்றையும் மூடினோம். குப்பையைக் கையோடு கொண்டுவந்தோம்.

2025 பெப்ரவரி 23, ஞாயிறு

நாவலடிக்குப் போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியைவிட ஆள் குறைவு, மணலும் நல்ல மணல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தத் துண்டு நிலத்தில் எத்தனை வீடு போனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். இங்கே ஒரு காப்பு கிடைத்தால் அது யாருடைய கையில் கிடந்த காப்பு? கருவியை வண்டியை விட்டு இறக்காமலே திரும்பிவிட்டேன். இந்த இடத்தில் நான் தேடமாட்டேன்.

2025 மார்ச் 8, சனி

பெரும்போக வெட்டு முடிந்து வட்டை, அதாவது வயல்வெளி, காய்ந்து கிடக்கிறது. வவுணதீவுக்கு அப்பால் மாமாவுக்கு வயல் இருக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் தேடுவதற்கு இதுதான் பருவம்.

மாமா பழைய களவெட்டி இருந்த மேட்டைக் காட்டினார். மிசின் வருவதற்கு முன்னால் எருமை கட்டிச் சூடடித்த இடம். இரவிரவாக ஆட்கள் நின்று வேலை செய்தால், மடியில் முடிந்த சல்லி அவிழாமல் இருக்குமா? என் வரையில் களவெட்டிதான் இந்தப் பகுதியின் மிக நல்ல இடம். பெரிய வயற்சொந்தக்காரரான போடியார்மாரிடம் கேட்டால் அவர்களே சந்தோசமாகக் காட்டுவார்கள்.

ஆனால் அண்ணன் போட்ட கட்டளை ஒன்று உண்டு. சண்டை நடந்த பக்கங்களில் பெரிய, ஆழமான இரும்புச் சத்தம் கேட்டால் மண்வெட்டியை வைக்கக் கூடாது. அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி, பொலிசுக்குச் சொல்ல வேண்டும். இன்று அப்படி ஒரு சத்தம் வந்தது, வரம்போரமாக. ஆசை இருந்தும் தொடவில்லை. போன் பண்ணினோம். அவர்கள் வந்து எடுத்தது உழவு மிசினின் கொழு. இருந்தாலும் இனியும் இப்படித்தான் செய்வேன்.

மேட்டின் கிழக்கு மூலையில், நாலு விரல் ஆழத்தில், 1942ஆம் ஆண்டு ஒரு சதம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் தலை, மறுபக்கம் பனை மாதிரி மரம். மாமா உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அப்பா உழுத காலம் மருமகன்" என்றார். அவரிடமே கொடுத்துவிட்டேன்.

2025 மார்ச் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கூப்பிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் கிணற்றடியில் கழன்ற தோடு. ஒரு சோடியில் மற்றது பெட்டிக்குள் கிடக்கிறது.

கிணற்றடியைத் தேடினேன், ஒன்றுமில்லை. பிறகுதான் அண்ணன் மாதிரிக் கேட்டேன்: எங்கே நின்று தலை முழுகினீர்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? வாய்க்கால் வாழையடிக்குப் போகிறது. முதல் வாழை மூட்டில் ஒரு மெல்லிய சத்தம், பால்மா பைக்கற் தாள் மாதிரி. சின்னத் தங்கமும் அந்தத் தாளும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தாள் சத்தத்தை வடிகட்டி வைத்திருந்தால் தோட்டையும் விட்டிருப்பேன். சேற்றைப் பிசைந்தபோது தோடு விரலில் தட்டியது.

மாமி அதைக் கழுவவும் விடாமல் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தோட்டின் சுரையை, பின்னால் திருகும் அந்தத் துண்டை, காணவில்லை. நாளை பின்னேரம் வாழையின் மறுபக்கம் பார்க்க வேண்டும்.