இம்புட்டுக் கரி

அகழாய்வில் எனக்கு அது முதல் சீசன். மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. இரண்டு மீட்டருக்குக் கீழே, உடைந்த கறுப்பு-சிவப்புப் பானைக்குப் பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கரித்துண்டு கிடந்தது. பாசிமணி கிடைத்தால் பஞ்சில் பொதிந்து வைப்போம். அதே பழக்கத்தில் கரியையும் விரலால் எடுத்து, பஞ்சில் பொதிந்து, டப்பாவில் போட்டுப் பெருமையாக மேலே ஏறினேன்.

குழியைப் பார்த்துக்கொண்ட சார் டப்பாவைத் திறந்தார். கோபப்படவில்லை. "பஞ்சும் கார்பன்தானே தம்பி" என்றார், அவ்வளவுதான். அந்தக் கரி ஆய்வுக்குப் போகவே இல்லை.

கார்பனில் தானாகவே மெல்ல மெல்லச் சிதைந்து தீரும் ஒரு வகை உண்டு, பெயர் கார்பன்-14. மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து அது வந்துகொண்டே இருக்கும். செத்துப்போனால் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டில் பாதி தீர்ந்துபோகும். மிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் வயதைச் சொல்கிறார்கள். 2,500 வருடத்துக் கரியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இன்றைய கார்பன் கலந்தால் போதும், வயது ஏறக்குறைய 300 வருடம் குறைந்துவிடும். பஞ்சு நூல், தென்னை வேர், பீடிச் சாம்பல் எல்லாமே இன்றைய கார்பன்தான். அதனால் கரியைக் கையால் தொடக்கூடாது. கரண்டி நுனியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று அங்கேயே எழுதிவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் சார் டி.பி. அகர்வாலைப் பற்றிச் சொன்னார். அதுவரை நான் கேள்விப்படாத பெயர். சிகாகோவில் லிப்பி என்ற வேதியியலாளர் இந்த முறையை 1949-ல் நிரூபித்துக் காட்டினார், நோபல் பரிசும் வாங்கினார். நம் நாட்டு மண்ணில் கிடைத்த கரியை நம் நாட்டிலேயே அளந்தவர்களில் முக்கியமானவர் அகர்வால். முதலில் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், அப்புறம் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். அதற்கு முன்னால் நம் பக்கத்து நிலைமை எப்படி இருந்தது என்றால், 1945-ல் அப்போதைய இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த பானை ஓட்டை வைத்துத்தான் காலம் குறித்தார். நம் வீட்டுப் பானையின் வயதை ரோமாபுரிப் பானை வந்து சொல்ல வேண்டியிருந்தது!

சிந்துவெளி நாகரிகத்துக்கு வீலர் சொன்ன கணக்கு கி.மு. 2500 முதல் 1500 வரை, ஆயிரம் வருடம். கரி வேறு கணக்குச் சொன்னது. கி.மு. 2300 முதல் 1750 வரைதான் என்று அகர்வால் 1964-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். பெரியவர் போட்ட கணக்கில் கிட்டத்தட்ட பாதியை வெட்டிவிட்டார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

பிற்பாடு அவர் கணக்கும் மாறியது. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இல்லை என்று மர வளையங்கள் காட்டிக்கொடுத்தன. திருத்திப் பார்த்தபோது நகரங்கள் செழித்த காலம் சுமார் கி.மு. 2600 முதல் 1900 வரை என்று ஆனது. அகர்வால் சறுக்கிவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஊகத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரால் திருத்த முடியும்? அளந்த எண்ணையும் அதன் பிழை அளவையும் சேர்த்தே அச்சில் வைத்ததால்தான், பிறகு வந்தவர்களால் அதே எண்ணை எடுத்துச் சரிசெய்ய முடிந்தது. டப்பா மேல் ஆழம் எழுதச் சொல்லி சார் ஏன் உயிரை எடுத்தார் என்று எனக்குப் புரியவே இரண்டு சீசன் ஆயிற்று.

கீழடி விஷயத்திலும் இதைப் பார்த்தேன். 2018-ல் நடந்த நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்குக் கி.மு. 580 என்று வந்தது. எண்ணைச் சுற்றி ஊரே திருவிழா. ஆனால் மர வளையங்களை வைத்து வயதைத் திருத்தப் போட்ட கோடு, கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவில் ஏறாமல் இறங்காமல் தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்துக் கரிக்கு ஒரே ஒரு வருடத்தை அடித்துச் சொல்ல முடியாது, இத்தனையிலிருந்து இத்தனைக்குள் என்றுதான் சொல்ல முடியும். டீ மாஸ்டரிடம் இதைச் சொன்னால், "படிச்ச ஆளு, ஒரு வருசத்தைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே" என்கிறார்.

எங்கள் குழியில் மண் அள்ளும் அக்கா ஒருவர், முதல் சீசனில் நான் பட்ட பாட்டைப் பார்த்து, "இம்புட்டுக் கரிக்கு இம்புட்டு மரியாதையா தம்பி?" என்று சிரித்தவர். போன சீசனில் ஒருநாள் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கத்தினார்: "தம்பி, கரி கெடக்கு. நான் தொடலை, வெரசா வாங்க."

இறங்கிப் பார்த்தேன். பக்கத்திலேயே எலி வளை. மேலே எப்போதோ எரித்த ஓலையின் கரி வளை வழியாக உள்ளே விழுந்திருக்கலாம். இது ஆகாது என்று சொல்லி, நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும் அக்கா என்னோடு பேசவில்லை.