கேட்கவா, கேட்பதற்கா?

மண்டபம், பாம்பன் பக்கம் நண்டும் கணவாயும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் அலுவலகங்களில், ஆங்கிலக் கடிதத்தின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றேதான்: ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’ ரகம், எடை, பெட்டிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கும், சறுக்குவது இங்கே. ‘ஹியர்’ அல்ல, ‘ஹியரிங்’.

‘டு’ வந்தால் வினையை மாற்றாமல் எழுது என்று பள்ளியில் படித்ததுதான் காலை வாருகிறது. ‘வாண்ட் டு ஸெண்ட்’ என்பதில் அந்த விதி சரி. ஆனால் ஆங்கிலத்தில் ‘டு’ இரண்டு. ஒன்று நம் ‘கேட்க’, ‘அனுப்ப’ போன்றது. மற்றொன்று நான்காம் வேற்றுமை ‘கு’. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்தக் ‘கு’தான். தமிழிலும் இதை வினையோடு நேரே ஒட்ட முடியாதே! ‘கேட்பது’ என்று பெயராக்கிய பிறகுதான் ‘கேட்பதற்கு’ என்கிறோம். அந்தப் பெயராக்கும் வேலையை ஆங்கிலத்தில் ‘இங்’ செய்கிறது.

சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்கும். ஆகவே வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘வாண்ட் டு யுவர் ரிப்ளை’ நிற்காது, அங்கே வேண்டாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது வாங்குபவருக்கு எழுத வேண்டியது, ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ரிஸ்யூமிங் சப்ளை ஆஃப்டர் ஜூன் 14’. ‘டு’வை விழுங்கிவிட்டு ‘லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை’ என்பதும், ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போடுவதும் தவறு. ‘வீ ஆர் லுக்கிங்’ என்றாலும் பிழையில்லை, கொஞ்சம் நெருக்கமான தொனி, அவ்வளவுதான்.

இலக்கணம் சரியாகியும் பொருள் கெடுவதுண்டு. ‘எதிர்பார்க்கிறோம்’ என்று நாம் நல்லதற்கும் சொல்வோம், கெட்டதற்கும் சொல்வோம். ‘லுக் ஃபார்வர்ட்’ ஆசையோடு காத்திருப்பது மட்டுமே. ‘புயலை எதிர்பார்க்கிறோம், சரக்கு தாமதமாகும்’ என்பதற்கு அதைப் போட்டால் புயலை வரவேற்பதாகிவிடும்; 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த கரையிலிருந்து போகக்கூடாத வாக்கியம். அங்கே ‘எக்ஸ்பெக்ட்’. நாள் கடந்த பாக்கியைக் கேட்கும்போதும் அதுதான். ‘லுக் ஃபார்வர்ட்’ அங்கே குழைவாக இருக்கும்.

இதே குடும்பத்தில் ஆபத்தானது ‘யூஸ்ட் டு’. ‘வீ ஆர் யூஸ்ட் டு பேக்கிங் இன் ஐஸ்’ என்றால் ஐஸ் போட்டு அடைத்துப் பழகியவர்கள். ‘ஆர்’, ‘இங்’ இரண்டையும் விட்டு ‘வீ யூஸ்ட் டு பேக் இன் ஐஸ்’ என்று எழுதினால், முன்பு போட்டோம், இப்போது இல்லை என்றாகிவிடும். இதில் பிழை எதுவும் கண்ணில் படாது. ஐஸ் போடுவதை எப்போது நிறுத்தினீர்கள் என்று பதில் வரும்போதுதான் தெரியும்.