மதகுக்கு அந்தப் பக்கம் யாருடையது?

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் வீதிகள் பற்றிக் கொழும்பில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வீதி வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கொள்கை கடைசியில் மதிப்பீட்டுப் பட்டியலில் இரண்டு வரியாகத்தான் வந்து சேரும்: வீதிக்கடியில் தண்ணீர் கடக்கும் மதகு எத்தனை மில்லிமீற்றர், அந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது. முதல் வரியை எழுதிவிடலாம். இரண்டாவதில்தான் கோப்பு நிற்கும்.

வெள்ளவத்தையைப் பாருங்கள். காலி வீதி ஏ தர வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் வடிகான்கள் மாநகர சபைக்குரியவை. கீழே ரயில் பாதை. அதனடியில் உள்ள மதகைத் தொட ரயில்வே திணைக்களம் சம்மதிக்க வேண்டும். கரையில் ஏதாவது கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். அரைக் கிலோமீற்றர் கூட இல்லாத தூரத்துக்கு நான்கு அலுவலகம். மேலே வடிகானை அகலமாக்கி, தண்டவாளத்துக்கடியில் பழைய குழாயை அப்படியே விட்டால், காலி வீதியில் நின்ற வெள்ளம் கீழே உள்ள வீடுகளுக்குள் போகும். திட்ட அறிக்கையில் அது வெற்றி என்றே பதிவாகும்.

மதகின் அளவுக்கான கணக்கு சிக்கலானதல்ல. வடிநிலப் பரப்பை, அதாவது மழைநீர் அந்த மதகுக்கு வந்து சேரும் நிலத்தை, ஹெக்டேயரிலும் மழைச் செறிவை மணிக்கு மில்லிமீற்றரிலும் எடுத்து, இரண்டையும் வழிந்தோடும் குணகத்தோடு (பெய்த மழையில் நிலத்தில் ஊறாமல் ஓடும் பங்கு) பெருக்கி, 360ஆல் வகுத்தால் செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் என்று வரும். 7 ஹெக்டேயர், குணகம் 0.6, செறிவு 100 என்றால் ஏறத்தாழ 1.17. 200க்கு 1 சரிவில் சுத்தமான 900 மி.மீ. ஹியூம் குழாய் (கொங்கிறீற்றுக் குழாய்) ஒன்று 1.28 வரை கொண்டுபோகும், போதும். இனி முற்றங்களெல்லாம் கொங்கிறீற்றாகிக் குணகம் 0.9 ஆகட்டும், மழையும் 20 வீதம் கூடட்டும். 2.1 வருகிறது. இரண்டு குழாய் வேண்டும். இதில் மழையால் கூடியது 20 வீதம், கொங்கிறீற்றால் கூடியது 50. நாம் சண்டை பிடிப்பது அந்த 20க்காக. கட்டட அனுமதிக் கோப்பில் நழுவிய 50ஐப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மழைத் தரவிலும் ஒரு பொறி இருக்கிறது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மி.மீ.க்கு மேல் கொட்டியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். வீதி வடிகானுக்கு நாள் மொத்தம் அதிகம் உதவாது. சிறிய வடிநிலத்தை மூழ்கடிப்பது அந்த நாளின் மோசமான 15, 20 நிமிடம்தான். அதற்கு நிமிடக் கணக்கில் பதியும் மழைமானி வேண்டும்.

அடுத்தது காபட், வீதிக்கு மேலே போடும் புதிய தார்ப்படை. பழைய தார்ப்படையைச் சுரண்டி எடுக்காமல் மேலே 50 மி.மீ. போட்டால் வீதி பளபளக்கும். மூன்று முறை அப்படிப் போட்டால் 150 மி.மீ. உயரமான ஓரக்கல் இருந்த இடம் தெரியாது. தண்ணீர் வடிகானை விட்டுக் கடைப் படியேறும். சுரண்டும் வேலையைத்தான் செலவு குறைக்கும்போது முதலில் வெட்டுவார்கள்.

மதகு தோற்பது பெரும்பாலும் அளவால் அல்ல. குறுக்கே யாரோ கொண்டுபோன நீர்க்குழாய் ஒன்று போதும். அது அடைக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் லஞ்ச் சீற்றும் போத்தலும் அதில் சிக்கி அரைவாசி மதகை மூடிவிடும். கடல் முனையில் வேறு தொல்லை: தென்மேல் பருவக்காற்றில் அலை மணலைத் தள்ளி வாயை மூடும். அதை மே மாத மழைக்கு முன் ஒரு முறை வெட்டினால் போதாது, பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். கட்டுமானப் பணத்தில் அதற்கு இடமில்லை. பராமரிப்புப் பணமோ வருட முடிவில்தான் கைக்கு வரும்.

அளவீட்டுக் குழுவை வெயில் நாளில் அனுப்பினால் மட்டங்கள் மட்டுமே கிடைக்கும். மழை விட்ட மறுநாள் போனால், "தம்பி, இந்த ரெண்டாவது படி மட்டும் வந்தது" என்று கடைக்காரரே கோடு காட்டுவார். அந்தக் கோட்டின் மட்டத்தையும் எடுத்து வரைபடத்தில் போட்டுவிட்டுத்தான் கேள்விப்பத்திரம் அழைக்க வேண்டும். நான்கு அலுவலகத்தின் கையெழுத்தும் அதே வரைபடத்தில் வேண்டும்.