புது இடுப்போடு முதல் 12 கிழமை

இரண்டு வருடமாக எனக்கு முழங்கால்தான் நோகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தாலேப பூசினேன், உறை மாட்டினேன், எக்ஸ்ரேயும் எடுத்தேன். முழங்காலில் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு டொக்டர் என்னைப் படுக்கவைத்து, இடது காலை மடித்து உள்ளே திருப்பிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்திலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தேய்ந்திருந்தது இடுப்பு மூட்டு. இடுப்புக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகளில் சில ஒன்றே என்பதால், இடுப்பில் உள்ள நோவு முழங்காலில் தெரியுமாம்.

62 வயதில் மூட்டை மாற்றினார்கள். ஒப்பரேஷனைப் பற்றி எழுத அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். எங்கோ பக்கத்து வீட்டில் தச்சு வேலை நடப்பதுபோல் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளே வோக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வெட்டின இடத்து நோவுக்குத்தான் நான் பயந்திருந்தேன். அது இரண்டு கிழமையில், தையல் பின்களைக் கழற்றும்போது, பெரும்பாலும் அடங்கிவிட்டது. மற்ற நோவுகளைப் பற்றித்தான் ஒருவரும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த துண்டில் மருந்துப் பெயர்களும் கிளினிக் திகதியும் இருந்தன. எது நொந்தால் பொறுக்கலாம், எது நொந்தால் ஓடிவர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

முதல் கிழமை என்னை அழவைத்தது குதிக்கால். கால்களுக்கு நடுவே தலையணை வைத்து மல்லாந்தே படுக்க வேண்டும். நாள் முழுக்க ஒரே இடம் மெத்தையில் அழுந்தி, நெருப்புப் பட்டதுபோல் எரிந்தது. பயிற்சி தர வந்த பிசியோ பிள்ளைதான் துவாயைச் சுருட்டிக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்து, குதி மெத்தையில் படாமல் செய்தாள். அன்றிரவுதான் நித்திரை கொண்டேன்.

அப்புறம் தோள்மூட்டும் மணிக்கட்டும். வோக்கரை வாடகைக்கு எடுத்து, வந்தபடியே பாவித்தோம். அது எனக்கு உயரம் கூட. நேரே நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைபிடி இருக்க வேண்டும். இவர், என் கணவர், இரண்டு துளை கீழே இறக்கிவிட்டார். மூன்று நாளில் தோள் நோவு போய்விட்டது. அதற்குள் நான் தின்ற பனடோல் வீண்.

பனடோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நொந்த பிறகு போடுவோம் என்று முதலில் வீரம் காட்டினேன். அப்படிப் போட்டால் நோவு முந்திக்கொள்ளும், பிறகு குளிசை அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. டொக்டர் சொன்னபடி 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரு நாளைக்கு 8க்கு மேல் இல்லை என்று நேரம் பிடித்துப் போட்டபோதுதான் காலை அசைக்கவே மனம் வந்தது. பயிற்சிக்கு முக்கால் மணித்தியாலம் முன்னால் ஒரு நேரம் வரும்படி பார்த்துக்கொண்டேன். ஒருநாள் தடிமன் என்று இவர் எனக்கு வேறொரு குளிசை எடுத்துத் தந்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள்ளும் பனடோலில் உள்ள அதே பரசிட்டமோல்! கணக்குத் தவறியிருக்கும். கூடத் தந்த கடுமையான நோக் குளிசை மலச்சிக்கலைத்தான் கொண்டுவந்தது. பப்பாசிப்பழமும் தண்ணீரும் கொஞ்சம் காப்பாற்றின.

யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா வந்தா, ஒரு போத்தல் தைலத்தோடு. இரண்டாம் கிழமை தொடை முழுக்க ஊதாவும் பச்சையுமாய்க் கன்றி, அது முழங்கால் வரை இறங்கியிருந்தது. உள்ளே கசிந்த இரத்தம் அப்படித்தான் கீழிறங்கும், தானாக மறையும் என்று நேர்ஸ் மிஸ் சொல்லியிருந்தா. சின்னம்மா கேட்பாவா? "பிள்ளை, இரத்தம் கட்டியிருக்கு, இளஞ்சூட்டில உருவிவிட்டால் ஓடிப்போம்." விடவில்லை நான். ஐஸைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வைப்பதோடு சரி. சின்னம்மாவின் பத்தியக் கறிக்கு மட்டும் தடை சொல்லவில்லை.

நான் உருவ விடாதது நல்லதாய்ப் போயிற்று என்று அடுத்த கிழமை நினைத்தேன். ஒரு விடியற்காலை இடது கெண்டைக்கால் இறுகி, சூடாய், மற்றக் காலைவிட வீங்கியிருந்தது. தொடை நோவு நடந்தால் இளகும். இது நடந்தாலும் இளகவில்லை. இரத்தக்கட்டி காலின் இரத்தக் குழாயில் நின்றுவிட்டால் அது நெஞ்சுக்கு ஏறலாம், மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் பொறுக்கக் கூடாது என்று வாட்டில் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னது நினைவு வந்தது. ஸ்கேன் எடுக்க ஓடினோம். ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தப் பயணத்துக்குச் செலவான காசைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இந்த ஒரு நோவைப் பொறுத்துக்கொண்டு படுக்கிற துணிச்சல் எனக்கு வேண்டாம்.

போனது ஓட்டோவில் இல்லை. ஓட்டோ இருக்கை உயரம் குறைவு, இடுப்பு 90 பாகைக்கு மேல் மடியும். கார் முன்இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, மேலே வழுக்கித் திரும்ப ஒரு பொலித்தீன் பையை விரித்து, முதலில் பின்பக்கத்தால் அமர்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி ஏற வேண்டும். இடுப்பை அந்த 90 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக் கூடாது. ஒப்பரேஷனில் இடுப்பின் பின்பக்கத்தால் வெட்டியதால் எனக்கு இந்த மூன்றும் 12 கிழமைக்கு. அப்பாவின் சாய்மனைக் கதிரை கண் முன்னால் கிடந்தும் அதில் அமர முடியாமல், உயரக் கதிரையில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் இருந்தேன்.

ஆறாம் கிழமை கைத்தடிக்கு மாறினேன். நொந்த காலின் பக்கம் பிடித்தேன். "அம்மே, அநித் அத்த" (அம்மா, மற்றக் கை) என்று சிங்களத்தில் சொல்லி பிசியோ பிள்ளை தடியை மற்றக் கைக்கு மாற்றினாள். உடனே நடை நேரானது. அந்த உற்சாகத்தில் ஒரு பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்து மரைன் டிரைவில் இறங்கி, கடற்காற்றும் ரயிலும் பார்த்தபடி பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்துகொண்டே போனேன். போவது இலகு. திரும்பி வர வேண்டும் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அடுத்த இரண்டு நாளும் இடுப்பைச் சுற்றிய தசையெல்லாம் பழிவாங்கியது, கணுக்கால் வீங்கி செருப்பு ஏறவில்லை. வருடக்கணக்கில் நொண்டியதால் தூங்கிப்போன தசைகள் இப்போதுதான் வேலைக்கு வருகின்றன, "ஹெமின் ஹெமின்" (மெல்ல மெல்ல) என்றாள் அவள். அதன்பிறகு இவர் மணிக்கூட்டோடு வந்தார்: 10 நிமிடம் போக, 10 நிமிடம் வர.

இடது கால் நீண்டுவிட்டது என்றும் கொஞ்ச நாள் சண்டை பிடித்தேன். இறுகிய தசையால் அப்படித் தோன்றும், அவசரப்பட்டு மற்றக் கால் செருப்பின் அடியை உயர்த்த வேண்டாம் என்றார்கள். மூன்றாம் மாதம் எப்போது சரியானது என்றே தெரியவில்லை.

இப்போது மாடிப்படி ஏறுகிறேன், தழும்பைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் மரத்திருக்கிறது. குனிய முடியாததால் இடது கால் நகத்தை இவர்தான் வெட்டிவிடுகிறார். ஒவ்வொரு முறையும் ஒட்ட வெட்டிவிடுவார். அந்த நோவுக்கும் பனடோல் போடச் சொல்கிறார்.