நெடுநடைக்கு எந்த ஷூ? ஒரு ஆம்பூர் ஷூக்காரனின் பதில்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில், ஷூவின் மேல்பாகத்தைக் கால் அச்சின் மேல் இழுத்து ஒட்டுகிற லாஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். லீவைச் சேர்த்து வைத்து மலைப்பாதைகளில் நாள்கணக்கில் நடக்கப் போவேன். இந்த இரண்டும் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இன்னா ஷூ வாங்கலாம்ணா?”

என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. லெதர் பூட்ஸ் வேண்டாம், மலைத்தடத்தில் ஓடுவதற்கென்று செய்த, எடை குறைந்த டிரெயில் ரன்னிங் ஷூ போதும் என்பேன். தோலில் சம்பளம் வாங்குகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று ஃபேக்டரியில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

காலில் ஒரு கிலோ கூடினால் முதுகில் ஐந்து கிலோ கூடின மாதிரி என்று நடைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இருபது கிலோமீட்டர் நடந்தால் முப்பதாயிரம் அடியாவது வைக்க வேண்டும். அத்தனை முறையும் அந்த எடையைத் தூக்குவது தொடைதான். அடுத்தது ஈரம். ஓடையில் இறங்கி ஏறினால் டிரெயில் ஷூவின் வலைத்துணி மேல்பாகம் நடக்க நடக்கவே உலர்ந்துவிடும். தோலும் உள்ளே வாட்டர்ப்ரூஃப் சவ்வும் இருக்கிற பூட்ஸில் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் ராத்திரி முழுக்க வைத்தாலும் காயாது. ஊறின தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும்.

பூட்ஸே கூடாது என்று சொல்லவில்லை. பனியில் முள்தகடு மாட்டி ஏறுகிறவனுக்கு அது வேண்டும். இன்று பூட்ஸ்களுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் விப்ரம் என்று முத்திரை இருக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு சாவுக் கதை உண்டு. 1935-இல் இத்தாலியில் ஆல்ப்ஸ் ஏறப்போன ஒரு கூட்டத்தில் ஆறு பேர் குளிரில் மாட்டி இறந்தார்கள். அந்தக் காலத்து ஆணி அடித்த தோல் பூட்ஸ் குளிருக்கும் பனிப்பாறைக்கும் ஈடுகொடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த விட்டாலே பிரமானி என்பவர்தான் அப்புறம் பள்ளம் பள்ளமான ரப்பர் சோலை உருவாக்கினார். அவர் பேரைச் சுருக்கியதுதான் விப்ரம். 1954-இல் உலகின் இரண்டாவது உயரமான கே2 சிகரத்தை முதன்முதலில் தொட்டவர்கள் காலில் இருந்ததும் அந்த சோல்தான்.

ஆனால் நம்மில் யார் கே2 போகிறோம்? 1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயிலை, அதாவது சுமார் 3,500 கிலோமீட்டரை, சாதாரணத் துணி ஷூ போட்டுக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். முதுகுப்பைகூடக் கிடையாது, தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கடையில் பதினைந்தாயிரம் ரூபாய் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களிடம் நான் அந்தப் பாட்டி கதையைத்தான் சொல்வேன். அவ்வளவு தூரம் ஏன், பௌர்ணமி ராத்திரியில் பர்வதமலைக்குப் போய்ப் பாருங்கள். கடப்பாரைப் படியில் நான் மூச்சு வாங்கி நிற்கும்போது வெறுங்காலோடு அம்மாக்கள் தாண்டிப் போவார்கள்.

சைஸ்தான் முக்கியம். ஒவ்வொரு ஷூவும் ஒரு லாஸ்ட் மேல், அதாவது பிளாஸ்டிக் கால் அச்சின் மேல், இழுத்து ஒட்டப்படுகிறது. அந்த அச்சு கடையில் நிற்கிற காலை நினைத்துச் செய்தது. சுமையோடு பல நாள் நடந்தால் பாதம் வீங்கி, நீண்டு, அகலும். எங்கள் செக்‌ஷனில் ஒரு பெரியவர் இருந்தார், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். “காலைல போயி ஷூ வாங்காத தம்பி, சாயங்காலமா போ” என்பார். நான் இன்னும் ஒன்று சேர்ப்பேன்: நடக்கப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு போங்கள், அரை சைஸாவது பெரிதாக வாங்குங்கள்.

இது எனக்கு நன்றாக உறைத்தது நேபாளத்தில், அன்னபூர்ணா சுற்றுப்பாதையில். 5,416 மீட்டர் தோரோங் லா கணவாய் ஏறும்போது மூச்சுதான் பிரச்சினை, கால் இல்லை. கால் மாட்டுவது அந்தப் பக்கம் முக்திநாத்துக்கு இறங்கும்போது. ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம், சறுக்குகிற சரளை. ஷூவின் முன்பக்கத்தில் டோ பஃப் என்று ஒரு விறைப்பான துண்டு வைப்போம். சைஸ் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் போய் அதில் முட்டும், நகம் கறுத்துவிடும். இறங்கும் முன் கடைசி ஓட்டையில் லேஸைக் கொக்கி மாதிரி மடக்கி, குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக் கட்டினால் முட்டாது. என்னோடு வந்தவர்களுக்கெல்லாம் கணவாயிலேயே உட்கார்ந்து கட்டிவிட்டேன்.

முக்திநாத் நம் வைணவர்களுக்குத் திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தை கேட்டாள், “பெருமாளப் பாக்கப் போவசொல்ல இன்னாத்துக்குடா இவ்ளோ பெரிய ஷூ?” அரை சைஸ் பெரிது என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

பழைய பூட்ஸ் பரணில் இருக்கிறது, அதையே போட்டுக்கொண்டு போகிறேன் என்று ஒரு கோஷ்டி உண்டு. தயவுசெய்து வேண்டாம். பியூ என்கிற பாலியூரித்தேன் மிட்சோல், அதாவது அடிசோலுக்கு மேலே இருக்கிற மெத்தை, காற்றில் இருக்கிற ஈரத்தாலேயே உள்ளுக்குள் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சிதையும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், மலையில் பாதி வழியில் பழைய பிஸ்கட்டாக உதிரும். டிரெயில் ஷூவில் வருகிற ஈவிஏ என்கிற ஃபோம் மெத்தை அப்படி உதிராது, ஆனால் அமுங்கிப்போகும். டிரெயில் ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். அமெரிக்காவின் 4,265 கிலோமீட்டர் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் நடப்பவர்கள் வழியிலேயே நாலைந்து ஜோடி மாற்றுகிறார்கள். ஆகவே ஒன்றே ஒன்று விலையுயர்ந்ததாக வாங்காமல், நடுத்தர விலையில் வாங்கி மாற்றிக்கொள்வதுதான் சரி.

புது ஷூவை ஜவ்வாது மலையில் பழக்குங்கள். ஜமுனாமரத்தூர் சுற்றி சாமைக் கொல்லை ஓரமாகப் போகிற மண் தடங்கள் போதும். பையில் தண்ணீர் கேன்களை நிரப்பி ஏறுங்கள். இறங்கும்போது தண்ணீரைக் கொட்டிவிட்டால் முட்டி தப்பிக்கும். எங்கேயாவது சூடாக உரசுகிற மாதிரி தெரிந்தால் அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றி டேப் ஒட்டுங்கள். கூட வருபவர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழுவி மொட்டைமாடியில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் சோல் ஒட்டும் பசையே சூட்டில்தான் இளகிப் பிடிக்கும். வேலூர் வெயிலுக்கு அது மறுபடி இளகும். இன்சோலை உருவிவிட்டு, உள்ளே பழைய தினத்தந்தியைக் கசக்கித் திணித்து, நிழலில் வையுங்கள். பேப்பரை மட்டும் ராத்திரி ஒருமுறை மாற்றுங்கள்.